"நன்று" என்னும் சொல்லின் பெறுமதி

மென்பொருள் ஆக்குவோர் அதனைப் பயன்படுத்துவோரிடம் அபிப்பிராயம் கேட்பது வழக்கம். விடைகளை எண்ணிப் பார்த்துப் "பெரும்பாலோர் விரும்புகின்றனர்" என்று எழுதிவைப்பர். விடை சொன்னவர் யார், கேட்டவர் யார் என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. அவ்விருவருக்கும் இடையிலுள்ள கல்வி, மொழி, அந்தஸ்து ஆகியவற்றின் தூரமும் விடைக்குள்ளே புகுந்துவிடுகின்றது என்பது என் எண்ணம்.

நிக்கொலா டெல் என்பவரும் அவருடைய சகாக்களும் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனைத் தெளிவாகக் காட்டிற்று. பெங்களூரிலே 450 பேட்டிகள் நடைபெற்றன. பேட்டி கொடுத்தோருள் பல்கலைக்கழக மாணவரும் இருந்தனர். முச்சக்கர வண்டிச் சாரதிகளும் இருந்தனர். இரண்டு ஆக்கங்களைக் காட்டி, அவற்றுள் ஒன்று பேட்டி காண்பவர் தாமே செய்தது என உணர்த்தி, எது சிறந்தது என்று வினாவினர். உண்மையில் இரண்டிற்கும் எவ்வித வேறுபாடும் இல்லை. ஆயினும் வினாவியவரின் ஆக்கமே மற்றதைக் காட்டிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விரும்பப்பட்டது. வினாவியவர் மொழிபெயர்ப்பாளரைத் துணைக்கொண்ட வெளிநாட்டவராயின் அது ஐந்து மடங்காயிற்று! வேண்டுமென்றே தரத்தைக் குறைத்துக் காட்டியபோதும் அவருடையதற்கே ஆதரவு கிடைத்தது.

இதனைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விருந்துக்குச் சென்ற வீட்டிலே "கறி எப்படி?" என்று கேட்டால், உப்புக் கூடியதை நம்மில் யார் சொல்வார்? ஆனால் விருந்தாளி மறுநாள் தம் வீட்டிலே உண்பார். சாரதி நிலை அதுவன்று. அவர் "நன்று" என்று சொன்ன மென்பொருளோடேயே நாளெல்லாம் மாரடிக்க வேண்டியும் வரலாம்.

ஆங்கிலமும் ஓய்வும் உடையவர் குறை கண்டால் அதனைத் தயங்காமல் எழுதி அனுப்புவார். எழுத்துக்கூட்டி வாசிப்பவரோ, "எனக்குத்தான் விளங்கவில்லை" என்று பிழையைத் தம் தலையில் ஏற்றிக்கொள்வார். முன்னவரின் குறை திருத்தப்படும். பின்னவரின் குறை பாராட்டாகப் பதிவாகும்.

ஆகவே, "பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதைவிடக் காரியம் ஒன்றைக் கொடுத்து, எவ்விடத்தில் விரல் தயங்கி நிற்கின்றது என்று பார்த்திருப்பதே மேல். பார்ப்பவர் ஆக்கியவராக இல்லாதிருத்தல் வேண்டும். அவ்வூர்ப் பேச்சைப் பேசுபவராயின் இன்னும் நன்று. இதற்குக் காலமும் பணமும் கூடுதலாகச் செலவாகும். பலர் வினாத்தாளோடு நின்றுவிடுவதற்குக் காரணம் அதுவே.