கத்தரிக்கோல், பசை, கொஞ்சம் நட்பு

கலைந்துபோன இசைக்குழு பணத்தை எப்படிப் பங்கிடும்? அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் ‘டீன் ஐடில்ஸ்’ பையன்கள் பங்கிடவே இல்லை. வேகமும் இரைச்சலும் கோபமுமான பங்க் இசைதான் அவர்கள் உலகம். 1980-ல் குழு கலைந்தபோது, கச்சேரிகளில் சேர்ந்த சுமார் 600 டாலரை இசைத்தட்டு வெளியிடச் செலவழித்தார்கள். இயன் மெக்கே, ஜெஃப் நெல்சன் முதலியோர் இதற்காகத் தொடங்கிய ‘டிஸ்கார்ட்’ நிறுவனம் போட்டது 1,000 பிரதிகள். அச்சான உறைகளை நண்பர்கள் கூடி உட்கார்ந்து வெட்டி, மடித்து, ஒட்டினார்கள்.

இவர்களுக்குக் கைகொடுத்தவர் ஸ்கிப் கிராஃப். அருகிலுள்ள ராக்வில்லில் 1977-ல் அவர் திறந்த ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ கடையில் பழைய இசைத்தட்டுகள் குவிந்து கிடக்கும். அவற்றைக் கிளறியே பையன்கள் இசை கற்றார்கள். மெக்கே அங்கே வேலையும் பார்த்தார். அவர்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்துப்போனவரும் கிராஃப்தான்.

கடை 2002-ல் மூடப்பட்டது. கிராஃப் 2019-ல் காலமானார். பரண்களில் தூங்கிய கேசட்டுகளுக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கும் இடம் தர, வாஷிங்டன் பொது நூலகம் 2014-ல் பங்க் காப்பகமே தொடங்கிவிட்டது.

அந்த 1,000 தட்டுகளோ இன்று பல நூறு டாலர் பெறும் புதையல். அதே பாடல்களை டிஸ்கார்ட் பிற்பாடு தொகுப்பாகவும் வெளியிட்டது. காதுக்கு அதுவே போதும். ஆனாலும் பழைய பெட்டிகளைத் துழாவும் விரல்கள் ஓய்வதில்லை. ஏதோ ஒரு நண்பன் கோணலாக ஒட்டிய உறை தொகுப்பில் கிடைக்காதே!