ஏழு கன்னியர் மலையும் எட்டாத விமான நிலையமும்

பொல்பிட்டிய மின்நிலையத்தருகே நின்று, "கொழும்புக்கு எவ்வளவு தூரம்?" என்று வினவினால் எவரும் மைற்கணக்குச் சொல்லார். "நாலு மணி நேரம்" என்பர். மழை பிடித்துக்கொண்டால் "ஐந்து" என்பர். மலைநாட்டிலே தூரம் என்பது காலமே. ஆகாயத்திற் செல்வோருக்கும் ஒருகாலத்தில் ஏறக்குறைய இதே கணக்குத்தான். அது பிழைத்தபோது நேர்ந்ததை இப்பகுதி முதியோர் நன்கறிவர். இளையோரும் அறிந்திருத்தல் வேண்டுமென்பது நம் எண்ணம்.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரையும் சிப்பந்திகள் ஒன்பதின்மரையும் ஏற்றிக்கொண்டு ஜித்தா நோக்கிப் புறப்பட்டது ஒரு டி.சி.8 விமானம். நெதர்லாந்தின் மார்ட்டின் ஏர் நிறுவனத்தாருக்குரியது அது. இடையே கட்டுநாயக்காவில் இறங்கவேண்டும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். சுமாத்திராவைக் கடந்தால் இலங்கைக் கரைவரை வெறுங்கடல்.

கடலின்மேல் விமானி தன் இடத்தை அறிவதெங்ஙனம்? இன்று செயற்கைக் கோள்கள் சொல்கின்றன. அன்று அவ்விமானத்தில் இருந்தது டொப்ளர் கருவி. விமானத்திலிருந்து கீழ்நோக்கிச் செல்லும் வானொலி அலைகள் கடற்பரப்பில் மோதித் திரும்புகையில் அவற்றின் அதிர்வெண் சிறிது மாறும். ஹட்டன் நிலையத்தில் நிற்போருக்கு, வரும் ரயிலின் ஊதல் உயர்ந்தும் போகும் ரயிலின் ஊதல் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? அதே நியதிதான். அம்மாற்றம் வேகத்தைக் காட்டும்; வேகத்தைக் காலத்தாற் பெருக்கினால் தூரம். கேட்பதற்கு எளிது. ஆனால் நூற்றுக்கு இரண்டே பங்கு பிழை என்று வைத்துக்கொள்வோம்; 4,000 கிலோமீற்றரில் அது 80 கிலோமீற்றராகிவிடும்!

வேறு நாடாயின் அப்பிழை பெரிதாகாமற் போயிருக்கலாம். இங்கோ கட்டுநாயக்கா மேற்குக் கரையிலுள்ளது. கிழக்கிலிருந்து வருபவர், 8,281 அடி உயரமான பீதுருதலாகலை நிற்கும் மலைத்திரளைத் தாண்டியே அதனை அடையவேண்டும். தாண்டிவிட்டோம் என்று நினைப்பதும் தாண்டிவிடுவதும் ஒன்றல்ல.

அன்றிரவு பத்து மணியளவில், விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி விமானிகள் தாழ இறங்கினர். உண்மையில் நிலையம் இன்னும் சுமார் 75 கிலோமீற்றருக்கப்பால் இருந்தது. விமானத்துக்குப் பத்து நிமிடப் பிரயாணம். ஏறக்குறைய 4,355 அடி உயரத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதிற்று. 191 பேரில் ஒருவரும் பிழைத்திலர். டொப்ளரையும் வானிலை ராடாரையும் நம்பித் தம் இடத்தைத் தவறாக உணர்ந்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியமையே காரணமென இலங்கை அரசின் விசாரணை கூறிற்று.

வீட்டாரிடம் விடைபெற்று மக்கா நோக்கிப் புறப்பட்டவர்கள், பெயரும் கேட்டறியாத ஒரு தேயிலை மலையில் முடிந்துபோனார்கள். நான்கு ஆண்டுகளின் பின், 1978 நவம்பர் 15இல், யாத்திரை முடித்து ஜித்தாவிலிருந்து ஊர் திரும்பிய இந்தோனேசியர் சென்ற ஐஸ்லாந்து விமானமொன்றும் கட்டுநாயக்கா அருகே வீழ்ந்து 183 பேர் மாண்டனர். அதுவும் டி.சி.8தான்.

மலையில் மோதிய விமானத்தில் எஞ்சிய சில்லொன்று நோட்டன் பிரிட்ஜில் நினைவாக வைக்கப்பட்டது. பொல்பிட்டியவிலிருந்து மேலேறும் பஸ்ஸில் நோட்டனுக்குச் செல்வோர், முகில் விலகினால், ஏழு சிகரங்களையும் எண்ணிப் பார்க்கலாம்.