மணி அடித்தால் யார் போவது?

மறதி நோயாளிகளை வீட்டிலேயே கண்காணிக்கும் சாதனங்கள் கடைக்கு வந்துவிட்டன. சாதனத்தின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பெங்களூரின் ஜீவனஹள்ளியில் காய்கறிக்காரரிடம் தமிழில் பேரம் பேசும் ஒரு பெரியவர், பஸ்ஸில் கன்னடத்துக்கும் வங்கியில் ஆங்கிலத்துக்கும் தாவுவதை யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லை. 1809இல் ஆங்கிலேயர் கன்டோன்மெண்ட்டை நிறுவியதிலிருந்தே காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன் வட்டாரத்தில் தமிழ் வேரூன்றியிருக்கிறது. இந்தப் பன்மொழிப் பழக்கம் மூளைக்கும் நல்லது போலிருக்கிறது. ஹைதராபாதில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியின் குழு, ஒரே மொழி பேசுவோரைவிட இரு மொழி பேசுவோருக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாக வந்ததாக 2013இல் தெரிவித்தது. ஆனால் தாமதம்தான், விலக்கு அல்ல.

நாடு முழுவதும் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2023இல் வெளியானது. அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா. எண்ணிக்கையில் சொன்னால் சுமார் 88 லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது மருத்துவமனை அல்ல, வீடுதான். அந்த வீட்டில் இன்று பல சமயம் இருப்பது இன்னொரு முதியவர் மட்டுமே. மகன் நகரின் மறுகோடியில் ஒயிட்ஃபீல்டில், மகள் நியூ ஜெர்சியில். அப்பா இரண்டு முறை கேஸ் அடுப்பை அணைக்க மறந்தார், ஒரு முறை வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார் என்று தெரிந்ததும் பிள்ளைகள் முதலில் செய்வது, கேமரா வாங்குவது.

கேமரா மட்டுமல்ல. கதவு திறந்தால் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் காந்த சென்சார், அறையில் ஆள் நடமாட்டத்தை உணரும் அகச்சிவப்புக் கருவி, படுக்கைக்கு அடியில் வைத்துத் தூக்கத்தைக் கணக்கிடும் விரிப்பு, இருக்குமிடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். கைக்கடிகாரம், நேரத்துக்குத் திறக்கும் மாத்திரைப் பெட்டி என்று பட்டியல் நீள்கிறது.

இவற்றில் எதுவும் ஞாபகசக்தியை அளப்பதில்லை. அளப்பது பழக்கத்தை. தினமும் ஐந்தரைக்கு எழுந்து காபி போடும் ஒருவர் எட்டு மணிவரை சமையலறைப் பக்கம் வரவில்லை என்றால் ஏதோ சரியில்லை. ஜப்பானின் ஸோஜிருஷி நிறுவனம் இந்த எளிய உண்மையை வைத்தே 2001இல் ஒரு வெந்நீர்க் கெட்டிலை அறிமுகப்படுத்தியது. தனியாக வாழும் தாய் தேநீருக்குத் தண்ணீர் எடுத்தாரா என்பதை அது தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சலில் சொல்லிவிடும். படம் இல்லை, ஒலி இல்லை. அம்மா இன்றும் தேநீர் குடித்தார். அவ்வளவே.

நுட்பம் அங்கிருந்து வெகுதூரம் போய்விட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெஃப்ரி கேயின் குழு முதியவர்களின் வீட்டுக் கூரையில் சென்சார்களைப் பதித்து, அவர்கள் நடக்கும் வேகத்தை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தது. நினைவாற்றலும் சிந்தனையும் லேசாகக் குன்றத் தொடங்கியவர்களின் நடையில், தாங்களே உணராத மாறுதல் தென்பட்டது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் பார்க்கும் டாக்டருக்கு இது எளிதில் பிடிபடாது.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 2016இல் தொடங்கிய பரிசோதனை இன்னும் ஒரு படி மேலே சென்றது. மறதி நோயாளிகளின் வீடுகளில் பொருத்திய சென்சார்கள் கவனித்தவற்றில் முக்கியமானது சிறுநீர்த் தொற்று. முதியவர்களுக்கு இது வந்தால் திடீரென்று குழப்பம், பிதற்றல். நோய் முற்றிவிட்டது என்று குடும்பம் தவறாக நினைக்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடும். இரவில் அடிக்கடி கழிவறை செல்வது, உடல் சூடு கூடுவது போன்ற தடயங்களைக் கணினி சேர்த்துப் பார்த்து முன்கூட்டியே எச்சரித்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் கணினி அல்ல. எச்சரிக்கை போய்ச் சேர்ந்த இடத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரக் குழு ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து விசாரித்தார்கள், தேவைப்பட்டால் டாக்டருக்குச் சொன்னார்கள்.

ஜீவனஹள்ளிக்கு வருவோம். இரவு இரண்டு மணிக்கு வாசல் கதவு திறக்கிறது. தகவல் இரண்டு செல்போன்களுக்குப் போகிறது. நியூ ஜெர்சியில் அப்போது மாலை நேரம். விழித்திருக்கும் மகளால் வர முடியாது. வரக்கூடிய மகன் ஒயிட்ஃபீல்டில் தூங்குகிறார். பெரியவர் தெருமுனையைத் தாண்டிவிட்டார். கிழக்கு ரயில் நிலையமும் தண்டவாளமும் அதிக தூரமில்லை. கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் ஓடிவர ஆள் இல்லை.

நம் வீடுகளுக்கென்றே சில சிக்கல்களும் உண்டு. தனி ஆளின் வீட்டுக்காகச் செய்யப்பட்ட சென்சாருக்கு, ஐந்து பேர் நடமாடும் வீட்டில் யார் தாத்தா, யார் பேரன் என்று தெரியாது. பால்காரர், கூரியர், பக்கத்து வீட்டுப் பாட்டி என்று நாளெல்லாம் திறந்து மூடும் கதவு, அரை மணிக்கொரு பொய் எச்சரிக்கை தரும். ஒரு வாரத்தில் யாரும் செல்போனைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மின்சாரம் போனால் இன்டர்நெட்டும் போகும், அதோடு காவலும் போகும். ஜி.பி.எஸ். கடிகாரத்தை ஒழுங்காக சார்ஜ் செய்ய வேண்டும். அது யாருடையது என்று புரியாமல் பெரியவரே கழற்றி வைத்துவிடவும் கூடும். நோய் முற்ற முற்ற, பின்னால் கற்ற மொழிகள் நழுவித் தாய்மொழிக்கே திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களிடம் "டேக் யுவர் டேப்லெட்" என்று ஆங்கிலத்தில் பேசும் பெட்டியால் பயனில்லை.

எனவே கருவி வாங்குவதற்கு முன்பே ஆட்களைச் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். எதிர் வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்ட் டிரைவர்கள் ஆகியோருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். மறதி நோயை வெளியே சொல்ல வெட்கப்படும் குடும்பம், மிகச் சிறந்த எச்சரிக்கை ஏற்பாட்டைத் தானே துண்டித்துக்கொள்கிறது. சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டை, கதவில் ஒரு சாதாரண மணி, இரவில் மூடிய கேஸ் ரெகுலேட்டர் ஆகியவற்றுக்கு சார்ஜர் தேவையில்லை.

உதவிக்கு அமைப்புகளும் இருக்கின்றன. 1998இல் தொடங்கப்பட்ட நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட், ஜீவனஹள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கஸ்தூரி நகரில் டிமென்ஷியாவுக்கென்றே ஒரு மையம் நடத்துகிறது. நிம்ஹான்ஸில் முதியோர் மனநலப் பிரிவு உண்டு. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. யாராவது காணாமல் போனால் காத்திருக்காமல் 112ஐ அழைக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியைக் குடும்பங்கள் பொதுவாகக் கேட்பதே இல்லை. அப்பா சம்மதித்தாரா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்த வழக்கைத் தொடுத்தவர், பெங்களூரில் வாழ்ந்த ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அப்போது அவருக்கே தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தது. முதுமையால் உரிமை தேய்ந்துவிடுவதில்லை. படுக்கையறையில் மகனின் கேமரா இருப்பது, உடை மாற்றும் தாய்க்கு எப்படி இருக்கும்? தன்னை யாரோ வேவு பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் மறதி நோயின் அறிகுறிகளில் ஒன்று. உண்மையிலேயே வேவு பார்த்தால், அந்தப் பயத்துக்கு ஆதாரத்தையும் நாமே கையில் கொடுத்ததாகிவிடும். படம் எடுக்காத சென்சார் போதும் என்ற இடத்தில் கேமராவுக்கு என்ன வேலை?

சம்மதம் கேட்கக் காலம் உண்டு, ஆனால் அது குறுகியது. நோயின் தொடக்கத்தில் பெரும்பாலோரால் தெளிவாகப் பதில் சொல்ல முடியும். எதை வைக்கலாம், எந்த அறையில் கூடாது, தகவல் யாருக்குப் போகலாம் என்று அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்கும் முன்னால் டாக்டரிடம் ஒரு முறை போய்வருவது அவசியம். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி நோய் போலவே வேஷம் போடும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எந்தச் சென்சாரும் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது.

நடை தளர்வதையும் தூக்கம் கெடுவதையும் மனிதர்களைவிட இயந்திரம் சீக்கிரம் கண்டுபிடிக்கும். கதவைத் தட்டி "என்ன சார், இந்த நேரத்துல எங்க கிளம்பிட்டீங்க?" என்று தமிழிலோ கன்னடத்திலோ கேட்டு, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போக அதனால் முடியாது. அதற்கு எதிர் வீட்டில் விஷயம் தெரிந்த ஒருவர் வேண்டும்.