எல்லைக்கோடு – 11: இறங்குவதற்கும் ஒரு படி வேண்டும்

2023 மே 28, ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி பத்து மணி. ஓசூர் சிப்காட்டை ஒட்டிய தெருக்களில் அறைக்கு நான்கு பேர், ஐந்து பேர் என்று தங்கியிருக்கும் இளைஞர்கள் பலரும் தூங்கவில்லை. தரையில் எவர்சில்வர் சொம்பில் சாய்த்துவைத்த செல்போன். அதில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் கடைசி நாள். நம் நேரத்துக்கு ஒன்பது மணிக்குப் பத்து ஆட்டங்களும் ஒன்றாகத் தொடங்கியிருந்தன. இடைவேளையில் லெஸ்டர் சிட்டி 1-0 என்று வெஸ்ட் ஹாமை முந்தி நின்றது. இன்னொரு பக்கம் எவர்ட்டனும் போர்ன்மத்தும் 0-0. கணக்கு இப்படியே முடிந்தால் லெஸ்டர் பிழைக்கும், எவர்ட்டன் இறங்கிவிடும்.

நைட் ஷிப்ட் உள்ளவர் அதற்கு மேல் உட்கார முடியாது. ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "பிழைச்சிட்டோம்டா" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். பஸ் ஏறிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, எவர்ட்டனின் டூகூரே பாக்ஸின் விளிம்பிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போய் விழுந்தது. லெஸ்டர் 2-1 என்று ஜெயித்தது, ஜெயித்தும் இறங்கியது. கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்ளும் ஆலையாக இருந்தால் அதை முழுதாகத் தெரிந்துகொள்ள விடிய வேண்டும். எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்பவருக்கு மனசு மட்டும் லெஸ்டரில்.

ஓசூரில் மான்செஸ்டர் யுனைடெட், செல்சி சட்டைகள்தான் அதிகம். லெஸ்டரைப் பிடித்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு, பிடிப்பில் அதிகம். 5,000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் தள்ளிவைத்த அணி 2016-இல் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்து வந்தவர்கள் அவர்கள். காலுறையும் பனியனும் செருப்பும் செய்து பிழைத்த ஊர் லெஸ்டர். பெரிய நகரத்தின் நிழலில் வேலைக்கு ஓடும் ஓசூர்ப் பையனுக்கு அந்த ஊர் தன் ஊர் மாதிரிப் பட்டதில் வியப்பில்லை. ஏழே வருடத்தில் அந்த அணி விழுந்தது.

ரெலகேஷன் என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். லீக்கில் கடைசியில் வரும் இரண்டு மூன்று அணிகள் அடுத்த பருவம் ஒரு படி கீழே ஆட வேண்டும். கீழே ஜெயித்தவை மேலே வரும். தொலைக்காட்சிப் பணம் குறையும், நல்ல ஆட்டக்காரர்கள் கிளம்புவார்கள், கிளப்பில் வேலை பார்ப்பவர்களுக்கே ஆபத்து வரும்.

இந்த வலிக்கு ஓசூரோடு ஒப்பிடச் சரியான ஊர் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன். நிலக்கரிச் சுரங்கம் தோண்டி வளர்ந்த தொழில்நகரம். சுரங்கங்கள் மூடிவிட்டன, வேலையில்லாதவர்கள் அந்த நாட்டிலேயே அதிகமாக உள்ள ஊர்களில் ஒன்றாக நிற்கிறது. அங்கே மிஞ்சியிருக்கும் பெருமை ஷால்கே 04. 1904-இல் பிறந்த அந்த அணியை இன்றும் 'சுரங்கத் தொழிலாளிகள்' என்றே அழைக்கிறார்கள். அதன் அரங்கில் ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு நடந்துவரும் வழியைக்கூடச் சுரங்கப்பாதை போலவே அமைத்திருக்கிறார்கள். தாத்தா இறங்கிய குழிக்குள் பேரன் இறங்கவில்லை. ஆனால் அந்த வழியைப் பார்த்தால் அவனுக்குத் தாத்தா ஞாபகம் வரும்.

2011-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போன அணி அது. அடுத்த பத்தாண்டில் கடன் மேல் கடன், பயிற்சியாளர் மேல் பயிற்சியாளர். லீக்கில் தொடர்ந்து 30 ஆட்டங்கள் ஒரு வெற்றிகூட இல்லை. 2021 ஏப்ரல் 20-ஆம் தேதி பீலஃபெல்டில் 0-1 என்று தோற்றபோது, 1988-க்குப் பிறகு முதல்முறையாக ஷால்கே இறங்குவது உறுதியானது. கொரோனா காலம் என்பதால் அரங்குக்குள் ரசிகர்கள் இல்லை. அடக்கிவைத்த கோபம் நள்ளிரவு தாண்டி வெடித்தது. அணியின் பஸ் ஊர் திரும்பி அரங்கத்துக்கு வந்தபோது நூற்றுக்கணக்கானோர் காத்திருந்தார்கள். முட்டை பறந்தது. ஆட்டக்காரர்களை விரட்டிக்கொண்டு ஓடினார்கள். கிளப் அதை வெளிப்படையாகக் கண்டித்தது, கண்டிக்க வேண்டியதுதான். மாதச் சம்பளத்துக்கு ஓடும் 20 வயதுப் பையனை இருட்டில் துரத்துவதை எந்த விசுவாசமும் நியாயப்படுத்தாது.

அர்ஜென்டினாவில் இன்னும் மோசம். 1901-இல் தொடங்கிய ரிவர் பிளேட் 2011 வரை இறங்கியதே இல்லை. யார் இறங்குவது என்று தீர்மானிக்கும் இரண்டு ஆட்டங்களில் இரண்டாவதில், அந்த வருடம் ஜூன் 26-ஆம் தேதி, பெல்கிரானோவோடு 1-1 என்று சமன் செய்தது, முதல் ஆட்டத்தில் 0-2 என்று ஏற்கெனவே தோற்றிருந்ததால் இறங்கியது. நடுவர் ஆட்டத்தை முழுதாக முடிக்கவே முடியவில்லை. அரங்கத்திலும் வெளியிலும் கலவரம், பலருக்குக் காயம். எதிரி அணியான போகா ஜூனியர்ஸின் ரசிகர்கள் வெள்ளைத் துணி போர்த்தி, அதில் 'பி' என்று எழுதி, இரண்டாம் டிவிஷன் பேயாக வந்து பல வருடம் சீண்டினார்கள்.

ஆனால் அடுத்த வருடமே ரிவர் பிளேட் மேலே வந்தது. 2018-இல் அதே போகாவை மாட்ரிட்டில் வென்று தென் அமெரிக்க கிளப்களுக்கான லிபர்டடோரஸ் கோப்பையை எடுத்தது. ஷால்கேயும் ஒரே வருடத்தில் திரும்பியது: 2022 மே 7 அன்று சங்க்ட் பவுலியிடம் 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று ஜெயித்தது. முந்தைய வருடம் முட்டை வீசிய ஊரே மைதானத்துக்குள் இறங்கி ஆட்டக்காரர்களைத் தூக்கிக் கொண்டாடியது. 2023-இல் அணி மறுபடி விழுந்தது தனிக் கதை. விழுவதற்கும் எழுவதற்கும் அங்கே இடம் இருக்கிறது. ஷால்கே ஒரு முதலாளியின் சொத்து இல்லை, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களின் சங்கம். இங்கிலாந்தில் இறங்கும் அணிக்குச் சில வருடம் 'பாராசூட் பணம்' கிடைக்கும், விழுந்தவுடன் எலும்பு நொறுங்காமல் இருக்க.

இப்போது அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டி நம் பக்கக் கதைக்கு வருவோம்.

ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் பெங்களூரு. அங்கே அல்சூரை அடுத்த கௌதம்புராவில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பீலேவுக்கும் ஒரு சிலை நிற்கிறது. தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் பகுதி. 'மினி பிரேசில்' என்றே பெயர். இங்கேயும் ஆஸ்டின் டவுனிலும் வளர்ந்த பையன்களுக்கு ஒரு காலத்தில் கால்பந்து என்றால் வேலை. ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் அணியில் இடம் கிடைத்தால் நிரந்தரச் சம்பளம், குவார்ட்டர்ஸ், பென்ஷன். மகன் நன்றாக ஆடினால் குடும்பமே ஒரு படி ஏறும். அந்த அணிகளுக்குக் கைதட்டியவர்களும் பெரும்பாலும் அதே ஆலைத் தொழிலாளிகளும் அதே தெருக்காரர்களும்தான்.

விமானம் செய்யும் ஹெச்.ஏ.எல்., 2010-இல், அன்றைக்கு நாட்டின் முதன்மைக் கால்பந்து லீக்காக இருந்த ஐ-லீக்கின் மேல் வரிசைக்கு ஏறியது. வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாத அணி. கொல்கத்தா, கோவா அணிகள் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் ஆள் கொண்டுவந்த காலத்தில், கம்பெனி வேலைக்காரர்களை வைத்தே இரண்டு பருவம் தாக்குப்பிடித்தது. 2011-12 பருவத்தின் முடிவில் இறங்கியது. எங்கும் எதுவும் எரியவில்லை, யாரும் யாரையும் துரத்தவில்லை. மேல் வரிசைக்கு ஹெச்.ஏ.எல். திரும்பவும் இல்லை.

அடுத்த வருடம், 2013-இல், ஜே.எஸ்.டபிள்யூ. குழுமத்தின் பெங்களூரு எஃப்.சி. நேராக ஐ-லீக்குக்குள் வந்தது. கீழிருந்து ஏறி வராமல் ஏலம் கேட்டு வாங்கிய இடம். அணி நன்றாக நடத்தப்பட்டது, முதல் பருவத்திலேயே பட்டம் வென்றது, மேற்குக் கேலரியில் 'வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்' என்ற ரசிகர் படை பிறந்தது. ஓசூர்ப் பையன்களும் அங்கே போய் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹெச்.ஏ.எல். ஏறிய ஏணியை யாரும் பழுதுபார்க்கவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பையன்களின் நாயகன் சுனில் சேத்ரி. அவர் கால்பட்ட அணிகளின் பட்டியலைப் பார்த்தாலே இந்தியாவில் ரெலகேஷன் என்னவாக இருந்தது என்பது தெரியும். 2005 முதல் 2008 வரை அவர் ஆடியது பஞ்சாபின் பக்வாராவில் இருந்த ஜே.சி.டி. மில் அணிக்கு. துணி ஆலை நடத்திய அந்த அணிதான் 1996-97-இல் நாட்டின் முதல் தேசிய லீக்கை வென்றது. அப்போது அதற்கு கோல் அடித்துக் குவித்தவர் பைச்சுங் பூட்டியா. 2010-11 பருவத்தில் ஜே.சி.டி. இறங்கியது. அதே ஜூனில் அணியையே கலைத்துவிட்டார்கள். லீக்குக்கு மக்கள் கவனமும் தொலைக்காட்சி வெளிச்சமும் இல்லை என்று நிர்வாகம் காரணம் சொன்னது. 1971-இல் தொடங்கிய அணிக்கு நாற்பதாவது வயதில் முடிவு. பக்வாரா ரசிகர் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்ல அடுத்த வருடமே இல்லை.

சேத்ரி பிறகு ஆடிய கோவாவின் டெம்போ ஐந்து முறை தேசிய சாம்பியன். 2014 ஏப்ரலில் பெங்களூரு எஃப்.சி. பட்டத்தை உறுதிசெய்தது இதே டெம்போவை கோவாவில் 4-2 என்று வென்றுதான். மறு வருடம் டெம்போ கடைசி இடம், ரெலகேஷன். 2016-இல் இரண்டாம் டிவிஷனை வென்று திரும்பும் உரிமை பெற்றது. கோவா கிளப்கள் பலவும் விலகிய வருடம் என்பதால் அந்த உரிமையையும் விட்டுவிட்டது. மறுபடி ஐ-லீக்கில் அதன் பெயர் வந்தது 2024-25-இல். அதற்குள் ஐ-லீக்கே நாட்டின் இரண்டாம் வரிசையாகியிருந்தது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நெருங்கிய வலி ஒன்று உண்டு. 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். சென்னை சிட்டி எஃப்.சி., மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்றது. கௌரவ் போரா இரண்டு, பெத்ரோ மான்சி ஒன்று. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டம். சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்த மான்சி. கோவை ரசிகர்கள் இவர்களை வீட்டுப்பிள்ளை போலக் கொண்டாடினார்கள். சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது. மூன்று வருடம்கூட ஆகவில்லை: உரிமத்துக்கான நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமல் 2021-22 ஐ-லீக்கிலிருந்தே அந்த அணி வெளியேறியது. மைதானத்தில் தோற்று இறங்கியிருந்தால் கோவை ரசிகர் கடைசி ஆட்டத்துக்குப் போய் அழுதாவது தீர்த்திருப்பார். காகிதத்தில் நடந்த மரணத்துக்கு எந்தக் கேலரியில் போய் உட்காருவது?

ஐ-லீக்கைக் கீழே தள்ளி முதல் வரிசையான இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கியபோது ரெலகேஷன் என்ற பேச்சே இல்லை. முதலீடு போட்டவர்களின் இடம் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. 2023-இலிருந்து ஐ-லீக்கை வெல்பவர்கள் மேலே வரலாம் என்றானது, பஞ்சாப் எஃப்.சி.யும் 1891-இல் தொடங்கிய முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அப்படி வந்தவை. முகமதன் 2024-25-இல் கடைசி இடம் பிடித்தது, இறங்கவில்லை.

இறங்காததால் அணி பிழைத்துவிடுமா? ஹைதராபாத் எஃப்.சி. 2022 மார்ச் 20-இல் ஐ.எஸ்.எல். சாம்பியன். இரண்டே வருடத்தில் சம்பளப் பாக்கி, ஆட்டக்காரர்கள் கூட்டமாக வெளியேறியது, கடைசி இடம். அப்போதும் அது மேல் வரிசையில்தான் இருந்தது. 2025-இல் அணி டெல்லிக்கு இடம் மாறி, பெயரும் மாறியது. 'டெக்கான் லெஜியன்' என்று கொடி பிடித்த ஹைதராபாத் ரசிகர்களுக்கு அவர்களின் அணி இறங்காமலே ஊரைவிட்டுப் போய்விட்டது. முகவரி மாறிய அணியைப் பின்தொடர்ந்து 1,500 கிலோமீட்டர் போக எந்த ரசிகராலும் முடியாது.

கெல்சன்கிர்ஷன்காரர் அழும்போது அவர் கையில் உறுப்பினர் அட்டை இருக்கிறது. பக்வாரா, கோவை, ஹைதராபாத் ரசிகர்களிடம் பழைய டிக்கெட்டும் ஜெர்சியும்தான் மிச்சம். ரசிகருக்குக் கிளப்பில் ஒரு பங்கு, கீழ் வரிசைக்கும் கொஞ்சம் தொலைக்காட்சிப் பணம், இறங்கும் அணிக்கு இரண்டு வருடம் தாங்கிப்பிடிக்கும் நிதி: இந்த மூன்றும் இல்லாமல் ரெலகேஷனைக் கொண்டுவந்தால் இன்னும் சில அணிகள் கலையும். கொண்டுவராமலே காலம் தள்ளினாலும் கலையத்தான் செய்கின்றன.

பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ராத்திரி ஆட்டம் என்றால் ஓசூர்க்காரர்கள் கடைசிப் பத்து நிமிடத்தைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பஸ் போய்விடும். மெட்ரோ மஞ்சள் பாதை 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்த பிறகு கொஞ்சம் தெம்பு, ஆனாலும் அங்கிருந்து ஓசூருக்கு இன்னும் பஸ்தான். 2023-24-இல் பெங்களூரு எஃப்.சி. பன்னிரண்டு அணிகளில் பத்தாவதாக முடித்தது. அந்தப் பருவத்தில் அத்திப்பள்ளி பஸ்ஸில் நீலச் சட்டையோடு தொங்கிக்கொண்டு வந்தவர்களின் பேச்சு இப்படித்தான் போயிருக்கும்:

"இதே லெஸ்டரா இருந்தா நாம இந்நேரம் டவுன் ஆயிருப்போம்ல?"

"ஆயிருப்போம்."

"ஆனா என்ன மச்சான், கீழ போய் ஆடுனாலும் நாம வருவோம்ல?"

"அது வருவோம். டீம் இருக்கணும்ல."