வேக வண்டியும் வேலை இழந்தோரும்



டில்லி வரை போய் வந்தவன் நான். கடல் கடந்தது இதுவே முதல் தடவை. ஜப்பான் சென்றேன். வானை முட்டும் மாளிகைகளையும் வண்ண விளக்குகளையும் பற்றி எழுத வேறு ஆட்கள் உண்டு. என் கால்கள் டோக்கியோ ரயில் நிலையத்தைத்தான் தேடின. ரயில்வே தொழிலாளி வீட்டுப் பிள்ளை, வேறெங்கே போவான்?

ஷின்கான்சென்! 1964 அக்டோபர் முதல் நாள், டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி. அன்று மணிக்கு 210 கிலோமீட்டர். இன்று அதே பாதையில் 285! குண்டுகளால் கரிந்த நாடு, சரணடைந்து 20 ஆண்டு முடிவதற்குள் செய்து காட்டிய சாதனை. கையில் பணம் குவிந்து கிடந்தா கட்டினார்கள்? உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கினார்கள். செலவு மதிப்பீட்டை மீறவே, திட்டத்துக்காகப் போராடிய ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜி 1963இல் பதவியைவிட்டுப் போனார். விதைத்தவர் ஒருவர், விழா எடுத்தவர் வேறொருவர். அங்கேயும் அப்படித்தான்!

மேடையில் நின்றேன். வெள்ளைக் கையுறை அணிந்த கார்டு, விரலை நீட்டி விளக்கைச் சுட்டுகிறார். சுட்டியதை வாய்விட்டும் சொல்கிறார். எவரிடம் பேசுகிறார்? தன்னிடமே! கண், கை, வாய் மூன்றும் ஒன்றானால் தவறு குறையும் என்பது அங்கே தொழில் பாடம். அப்பால், வடக்கே போகும் வண்டி வந்து நிற்கிறது. துப்புரவுத் தொழிலாளர் நுழைகிறார்கள். ஏழே நிமிடம்! குப்பை போயிற்று, இருக்கைகள் திசை திரும்பின, வரிசையாக நின்று வணங்கி விடைபெறுகிறார்கள். பளபளக்கும் எஞ்சினைவிட அந்த ஏழு நிமிடமே என் நெஞ்சில் நின்றது.

நிலநடுக்கத்துக்கும் வழி கண்டிருக்கிறார்கள். முதலில் வரும் மெல்லிய அதிர்வைக் கருவிகள் உணர்ந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பேரதிர்வு வருமுன் வண்டியின் வேகம் தணியத் தொடங்கும். 2011 மார்ச் 11ஆம் நாள் பெரும் நிலநடுக்கத்தில், பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு ஷின்கான்சென்கூடத் தடம் புரளவில்லை.

இதையெல்லாம் பார்த்துத் திரும்பும் கனவான்கள் என்ன சொல்வார்கள்? "அங்கே தொழிலாளி உழைக்கிறான், இங்கே கொடி பிடிக்கிறான்!" என்பார்கள். கொடி பிடிக்காத நாடா அது? கேளுங்கள்.

37 லட்சம் கோடி யென் கடன் சேர்ந்துவிட்டது என்று, 1987 ஏப்ரல் முதல் நாள் தேசிய ரயில்வேயை உடைத்துக் கம்பெனிகளாக்கினார்கள். எதிர்த்து நின்றது கொகுரோ என்னும் தொழிற்சங்கம். அதற்கு முந்திய ஆண்டே சங்கத்தாரைத் தனி 'மையங்களில்' ஒதுக்கினார்கள். எஞ்சின் ஓட்டிய கை புல் பிடுங்கியது! மூங்கில் வெட்டியது! புதுக் கம்பெனிகள் பலரை ஏற்கவில்லை. 1990இல் 1,047 பேர் முற்றாக வெளியேற்றப்பட்டனர். அவர்கள் ஓய்ந்தார்களா? இல்லை! நீதிமன்றம், வீதி, மறியல் என்று ஆண்டுகள் உருண்டன. 2010இல்தான் சமரசம் வந்தது. பணம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. அதற்குள் பலர் மாண்டுபோயிருந்தார்கள்.

ஒசாகாவில் இறங்கியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். குறித்த நேரத்துக்கு வந்து நின்றிருந்தது வண்டி. வண்டியை வாழ்த்தினேன். அந்த 1,047 பேரையும் எண்ணிக்கொண்டே படியேறினேன்.