பளுவும் பலமும்

புயல் ஓய்ந்த மறுநாள் எவ்வூரிலும் முதலில் எழும் குரல் தண்ணீருக்கே. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் ‘கஜா’ புயல் வேதாரணியத்தின் அருகே கரையேறியபோது, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் பல கிராமங்கள் நெடுநாள் இருளில் கிடந்தன. பூமிக்கடியில் நீர் இருந்தது. அதை மேலேற்ற மின்சாரம் இல்லை. வாடகை ஜெனரேட்டர்களே பல ஊர்களில் தொட்டிகளை நிரப்பின.

அத்தகைய யந்திரத்தை வாங்கும் குடும்பஸ்தரும், அதைக் கிராமங்களுக்குக் கொண்டு செல்லும் தொண்டர்களும் அறிய வேண்டிய கணக்கொன்று உண்டு. அது கடினமானதன்று, ஆயினும் படித்தவர்களே அதில் தவறுகின்றனர்.

யந்திரத்தின் தகட்டில் 2.5 கே.வி.ஏ. என்று பொறித்திருக்கிறது. உடனே 2,500 வாட் கிடைக்குமென்று கொள்வது முதற் பிழை. பவர் பாக்டர் 0.8 எனில் அது தருவது 2,000 வாட்டே. அதிலும் ஐந்திலொரு பங்கை ஒதுக்கி, 1,600 வாட்டுக்குள் நிற்பது விவேகம்.

இனி வீட்டைப் பார்ப்போம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஆறு, 54 வாட். 75 வாட் மின்விசிறிகள் மூன்று, 225 வாட். டெலிவிஷனுக்கு 100, குளிர்ப்பெட்டிக்கு 150. ஆக 529. ஒரு குதிரைச்சக்தி மோட்டார் ஓடுகையில் ஏறக்குறைய 1,000. மொத்தம் 1,529. அளவுக்குள் அடங்கிற்றென்று மகிழ்ந்து வீட்டுக்காரர் சுவிச்சைப் போடுகிறார். விளக்குகள் மங்குகின்றன, மோட்டார் உறுமுகிறதே யன்றிச் சுழலவில்லை.

காரணம் யாது? நிலையில் நிற்கும் தேரை அசைக்க ஊரே கூடி வடம் பிடிக்க வேண்டும். உருளத் தொடங்கியபின் பாதிப்பேர் போதும். மோட்டாரும் அவ்வாறே. ஓடும்போது வேண்டியதைப்போல் மும்மடங்கோ அதற்கு மேலுமோ புறப்படும் கணத்தில் அது கேட்கிறது. 3,000 வாட்டுக்கு 2,000 வாட் யந்திரம் எங்கே போகும்? வோல்டேஜ் தாழ்கிறது, சுழலாத மோட்டாரின் சுருள் சூடேறிக் கருகுகிறது. குளிர்ப்பெட்டியின் கம்ப்ரெஸருக்கும் இதே விதி.

ஆகையால் ஓடும் வாட்டுகளைக் கூட்டுவதோடு, மோட்டார்களுள் பெரியது புறப்படுகையில் அதிகமாய்க் கேட்பதையும் சேர்த்துக் கணக்கிடுக. மேற்சொன்ன யந்திரத்துக்கு அரைக் குதிரைச்சக்தி மோட்டாரே தக்கது. மற்றெல்லாவற்றையும் நிறுத்தி, அதனைத் தனியே ஓட்டித் தொட்டியை நிரப்புக. பின்னர் விளக்கும் விசிறியும். இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர்ப் பாய்லரும் மின்சாரம் திரும்பும்வரை காத்திருக்கட்டும்.

இதுவரை சொன்னது பொருள் நஷ்டம். உயிர் நஷ்டமும் உண்டு. சேஞ்ச் ஓவர் சுவிச் இன்றி யந்திரத்தை வீட்டுக் கம்பியில் இணைத்தால், மின்சாரம் தெருவுக்குப் பாயும். டிரான்ஸ்பார்மரில் 230 வோல்ட் 11,000 வோல்ட்டாய்ப் பெருகி, கம்பத்தின் மேலிருக்கும் தொழிலாளியைக் கொல்லும். நமக்கு வெளிச்சம் தருவதற்காகத் தன் ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவன் அவன். யந்திரத்தை வீட்டுக்குள் வைப்பதோ, மணமற்ற கார்பன் மானாக்ஸைடு வாயுவால் உறங்குவோரை மாய்க்கும்.

ஐப்பசி மழை தொடங்குமுன் ஒவ்வொரு தொண்டர் சங்கமும் தன் யந்திரத்தின் தகட்டையும், ஊரிலுள்ள மோட்டார்களின் தகடுகளையும் படித்து, எதை எதனோடு ஓட்டலாம் என்று ஒரு அட்டையில் எழுதி, அந்த யந்திரத்திலேயே கட்டிவைத்தல் வேண்டும். புயலடித்த இரவில் கணக்குப் போட யாருக்கும் அவகாசம் இராது.