தேசிய கீதமும் சிறார் குரலும்

கண்டி மாநகரிற் காலை ஏழரை மணியளவில் வீதியிற் செல்வோர் ஒன்றை நன்கு அறிவர். வாவியின்மேற் படிந்த பனிமூட்டம் கலையுமுன்னரே பாடசாலைகள்தோறும் தேசிய கீதம் எழுகின்றது. ஒரு பாடசாலையிற் சிங்களத்தில், அடுத்ததில் தமிழில். மெட்டு ஒன்றே. ஆயினும் ஓரிடத்தில் அது நிமிர்ந்த நடையுடன் வருகின்றது. மற்றோரிடத்திலோ இழுத்திழுத்துப் பாடப்பெற்று, ஒப்பாரியோ என ஐயுறும்படி ஒலிக்கின்றது. இவ்வேற்றுமை எதனால் விளைகின்றது என்பதைப் பெற்றோரும் ஆசிரியப் பெருமக்களும் சற்றே சிந்தித்தல் நன்று.

இப்பாட்டின் பிறப்புக்கும் கண்டிக்கும் தூரத்து உறவொன்று உண்டு. 1934-ஆம் ஆண்டில் மகாகவி இரவீந்திரநாத தாகூர் தம் நாடகக் குழுவினருடன் இலங்கைக்கு வந்தார். கண்டியில் தங்கியிருந்தபோதே ‘சார் அத்யாய்’ என்னும் தம் நாவலை எழுதி முடித்தார். கண்டி நடனத்தையும் கண்டு வியந்தார். அவ்வருகை இந்நாட்டு இளங்கலைஞர் பலரைச் சாந்திநிகேதனத்தின்பால் ஈர்த்தது. அங்குச் சென்று பயின்று மீண்டவருள் ஒருவரே ஆனந்த சமரக்கோன். காலி மகிந்த கல்லூரியில் ஆசிரியராயிருந்த காலத்தில், 1940-இல், மாணவர் பாடுவதற்கென்றே ‘நமோ நமோ மாதா’ என்னும் பாட்டை அவர் இயற்றினார். 1951-இல் அது தேசிய கீதமாயிற்று.

மாணவருக்காகப் பிறந்த பாட்டு என்பதை அதன் மெட்டே சொல்லும். நுணுக்கமான கமகங்கள் அதில் இல்லை. மேல்நாட்டார் ‘மேஜர்’ என வழங்குவதும் நம் சங்கராபரணத்துக்கு அண்மையதுமான ஸ்வர வரிசையில், பழகாத தொண்டையும் பலரோடு சேர்ந்து பாடத்தக்கவாறு அது நேராக நடக்கின்றது. சோகம் அதன் இயல்பன்று. சோகமாக அது ஒலிக்குமாயின், குற்றம் பாடுவோரின் காலப்பிரமாணத்தில் உளது.

பாட்டின் தொடக்கம் பிற்காலத்தில் மாற்றப்பட்ட கதையையும் இங்குக் கூறல் வேண்டும். 1952-இற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா குதிரையினின்று வீழ்ந்து மாண்டார். 1959-இற் பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்டு இறந்தார். பாட்டின் முதலிலுள்ள எழுத்துக் கணம் அமங்கலமானது என்று சிலர் பழி சுமத்தினர். ஆக்கியோன் எதிர்த்தும் பயனின்றி, 1961-இல் ‘ஸ்ரீ லங்கா மாதா’ எனத் தொடக்கம் மாறியது. மறு ஆண்டு ஏப்ரலில் சமரக்கோன் தம் கையாலேயே உயிர் துறந்தார். சகுனம் பார்த்தோர் நாட்டுக்கு என்ன நன்மை கண்டனரோ, நாம் அறியோம். யாப்பு அறிந்தவர் ஒன்றைக் காண்பர்: ‘நமோ’ என்பது குறிலும் நெடிலும் இணைந்த நிரையசை, மெல்ல அடியெடுத்து மேலெழுவது. ‘ஸ்ரீ’ என்பதோ தனி நெடில். முதலிலேயே ஊன்றி நிற்பது. ஊன்றி நிற்கும் எழுத்தை நீட்டத் தோன்றுதல் இயல்பு. முதலெழுத்தை நீட்டியவர் பாட்டு முழுவதையும் நீட்டிவிடுகின்றனர்!

தமிழ் வடிவத்தைத் தந்தவர் முதுதமிழ்ப் புலவர் மு. நல்லதம்பி அவர்கள். மெட்டு முன்னரே அமைந்துவிட்ட பாட்டை மொழிபெயர்த்தல் எளிய செயலன்று. பொருளும் வழுவாது, சுரம் நீளுமிடத்தில் நெடிலும் வந்து வாய்த்தல் வேண்டும். 1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, கீதத்தின் சொல்லும் இசையும் மூன்றாம் அட்டவணையில் உள்ளனவாக விதிக்கின்றது. அதன் தமிழ்ப் பிரதியில் தமிழ்ச் சொற்களே உள்ளன. எனினும் தமிழிற் பாடலாமா என்ற சச்சரவு பலமுறை எழுந்தது. 2016 பெப்ரவரி 4-ஆந் தேதி கொழும்பு காலிமுகத்திடலில், சுதந்திர தின வைபவத்தில் அது தமிழில் ஒலித்தபோது, மலையகத்து வீடுகளிலும் பலர் கண் கலங்கினர் என்பதில் வியப்பில்லை. இத்துணை இடர்ப்பட்டு நிலைத்த ஒன்றை ஏனோதானோவென்று பாடலாமா?

இந்தியாவின் ‘ஜன கண மன’வுக்கு 52 விநாடி என்று அளவு வகுத்துள்ளனர். நம் கீதமோ இரண்டு நிமிடத்துக்கு மேற் செல்வது. நீண்ட பாட்டைத் தாமதமாகப் பாடினால் வெயிலில் நிற்கும் சிறுவன் சோர்ந்து போவான். மரியாதை என்றால் மெதுவாகப் பாடுதல் என்றொரு மயக்கம் நம்மிடையே உள்ளது. மூச்சே இதற்கு அளவுகோல். எட்டு வயதுக் குழந்தை ஓரடியை ஒரே மூச்சில் முடித்தல் வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் தமிழ்ச் சொல் இரண்டாக முறியும், பொருளும் முறியும். அலங்காரமும் ஆகாது. 2023-இல் கொழும்பிற் கிரிக்கெட் தொடர் ஒன்றின் தொடக்க விழாவில் கீதத்தை வேறு பாணியில் வளைத்துப் பாடியமை நாடெங்கும் கண்டனத்துக்குள்ளானதை வாசகர் மறந்திரார்.

சுருதி விஷயம் இன்னும் முக்கியமானது. ஆண் ஆசிரியர் தம் வசதிக்கு ஒரு கட்டையில் எடுத்தால் சிறுமியர் கீழ் ஸ்வரங்களில் முணுமுணுப்பர். மாணவத் தலைவி ஆறு கட்டையில் எடுத்தாலோ, மேலே ஏறுமிடத்தில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பர். முதலடியைக் கொண்டு சுருதி தேர்வதால் வரும் வினை இது. மெட்டின் மிக உயர்ந்த இடத்தையே முதலிற் பாடச் செய்து, வகுப்பிலுள்ள எல்லாருக்கும் அது எட்டுகின்றதா என்று பார்த்து, அதன்பின் ஆர்மோனியத்தில் ஆதார ஷட்ஜத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். குரல் உடையும் பருவத்துப் பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும்; அவர்களைக் கடிந்துகொள்ளல் தகாது.

கண்டியைப் போன்ற நகரங்களில் இரு மொழிச் சிறாரும் ஒரே மேடையில் நிற்கும் விழாக்கள் உண்டு. மெட்டு ஒன்றாதலால் இரு மொழியிலும் ஒருங்கே பாடுதலும் இயலும். அதற்கு ஒரே சுருதியும் ஒரே காலப்பிரமாணமும் இருந்தாற் போதும். இரு பாடசாலைச் சங்கீத ஆசிரியைமாரும் முதல் நாள் மாலை அரைமணி நேரம் கூடியிருந்து, எத்தனை கட்டை, எந்த நடை என்று பேசிக்கொள்வாராயின் காரியம் முடிந்தது.